எண்ணெய் காயட்டும், அவசரம் வேண்டாம்

(வாசகர் கேள்வி – பதில்)

தீபாவளிக்கு முந்தின மாதம் வரும் கடிதங்களைக் கையெழுத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். எழுத்து சாய்ந்து ஓடும், பாதி வாக்கியத்தில் வேறு விஷயம் வந்துவிடும். இந்தத் தடவை வந்தவற்றில் முக்கால்வாசி ஒரே கவலைதான்: பண்டிகை வருகிறது, நினைத்தாலே படபடப்பாக இருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மனநல மருத்துவர் இல்லை. 33 வருஷம் அரசு மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பதினொரு தீபாவளி ராத்திரிகள் தீக்காய வார்டில் போயின. அவசரம் மனுஷரை என்ன செய்யும் என்பதை அங்கேதான் பார்த்தேன். அதை வைத்துத்தான் பேசுகிறேன்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை, வயது 41. கணவர், இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார். தீபாவளிக்கு அதிரசம், முறுக்கு, ரிப்பன் பகோடா, மைசூர் பாகு, சோமாசி, லேகியம் ஆறும் வீட்டில்தான் செய்ய வேண்டும் என்பது அத்தையின் வழக்கம். இப்போது அவர்களுக்கு முட்டி வலி, அடுப்படியில் நிற்க முடியாது. எனக்குப் பரீட்சைத் தாள் திருத்துவதும் இந்த நேரத்தில்தான். போன வருஷம் முதல் நாள் ராத்திரி பாகு முறுகிப்போன ஆத்திரத்தில், பக்கத்தில் சும்மா நின்ற பெரியவனை அறைந்துவிட்டேன். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மனசை அமைதியாக வைத்துக்கொள்ள ஏதாவது தியானம் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் பையன். ஒரு வருஷமாகக் கண்ணில் நிற்கிற அந்த முகத்திடம் பேசிவிட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. "போன தீபாவளிக்கு உன்னை அடிச்சேன்ல, பாகு முறுகினதுக்கு நீ என்னடா பண்ணுவ, அம்மா செஞ்சது தப்பு" என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் மறந்திருப்பார்கள் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். வார்டில் கட்டுப் பிரிக்கும்போது அத்தனை வலியிலும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது, "அம்மாவுக்கு இன்னும் கோபமா சிஸ்டர்?" என்றுதான். நான் எத்தனையோ தடவை கேட்ட கேள்வி அது.

அப்புறம் தியானம். சொல்கிறேன். ஆனால் ஆறு பலகாரத்தையும் தாள்கட்டையும் அப்படியே தலையில் வைத்துக்கொண்டு அதன் மேல் தியானத்தையும் ஏற்றினால், அதுவும் ஒரு வேலையாகத்தான் சேரும். முதலில் எதையாவது இறக்கி வையுங்கள். மனசு அடங்குவதற்கு முன்னால் உடம்புக்கு உட்கார நேரம் வேண்டும். உட்கார நேரமே இல்லாதவளிடம் மூச்சைக் கவனி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அத்தையிடம் "எதைக் குறைக்கலாம்?" என்று கேட்காதீர்கள். எதையும் குறைக்க முடியாது என்பார்கள். "இந்த வருஷம் மூணுதான் முடியும் அத்தை. எந்த மூணுன்னு நீங்களே சொல்லுங்க" என்று கேளுங்கள். தீர்ப்பு அவர்கள் கையில் இருக்கும், எண்ணிக்கை உங்கள் கையில் இருக்கும். மிச்சம் மூன்றைக் கடையில் கால் கால் கிலோ வாங்கினால் சாமி கோபித்துக்கொள்ளாது.

நான் நினைக்கிறேன், அவர்கள் அதிரசத்தை விட மாட்டார்கள். விடவும் வேண்டாம். அவசரத்துக்குக் கொஞ்சமும் மடங்காத பலகாரம் அது. பச்சரிசியை ஊற வைத்து, வடித்து, நிழலில் துணி விரித்து உலர்த்த வேண்டும். முழுக்கக் காய்ந்தாலும் போச்சு, ஈரம் சொட்டினாலும் போச்சு. கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், உதறினால் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் இடிக்க வேண்டும். வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் விரலில் உருண்டு வர வேண்டும். ஏலக்காயும் சுக்கும் தட்டிப்போட்டுக் கிளறிய மாவை, சட்டியில் வைத்து வாயைத் துணியால் கட்டி, இரண்டு மூன்று நாள் மறந்துவிட வேண்டும். இந்த மறந்துவிடுவதுதான் முக்கால் பங்கு சமையல். புளிக்காத மாவைத் தட்டிப் போட்டால் பாதி நேரம் எண்ணெயிலேயே பிரிந்து போகும். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று நம் பெரியவர்கள் சொன்னது அதிரசச் சட்டியைப் பார்த்துத்தானோ என்று எனக்குத் தோன்றும்.

அதனால் மாவை முந்தின ஞாயிற்றுக்கிழமையே கிளறிவிடுங்கள். பாகுப் பதம் பார்க்க அத்தைக்கு அடுப்படி வாசலில் ஒரு நாற்காலி போடுங்கள். ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு கரண்டி பாகு. முட்டி வலி இருக்கிறவர்களுக்கும் விரல் வலி இல்லையே. பதம் அவர்கள் சொன்னால், பாகு முறுகினாலும் அது உங்கள் தலையில் விடியாது.

இப்போது நீங்கள் கேட்டது. எனக்கு யாரும் தியானம் கற்றுத் தரவில்லை, குளுக்கோஸ் பாட்டில்தான் கற்றுத் தந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது சொட்டு ஓடும் வேகத்தை நாமே எண்ணித்தான் வைக்க வேண்டும். எங்கள் குளுக்கோஸ் குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500 மில்லி எட்டு மணி நேரத்தில் இறங்க வேண்டுமென்றால் நிமிஷத்துக்கு 21 சொட்டு. ஒரு கையில், சொட்டைக் கூட்டிக் குறைக்கிற குழாய் உருளையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கைக் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு, ஒரு முழு நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும். மேலே சொட்டு திரளும், கனக்கும், கழுத்து மெலியும், விழும். ஒன்று. மறுபடி திரளும். நாற்பது கட்டில் வார்டில் ஆறு பேர் ஒரே நேரத்தில் "சிஸ்டர்" என்று கூப்பிடுவார்கள். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். ஆறு மாதம் கழித்துத்தான் கவனித்தேன்: ஒவ்வொரு கட்டிலிலும் அந்த ஒரு நிமிஷத்துக்கு அப்புறம் என் கை நடுக்கம் குறைந்திருந்தது, என் மூச்சு நீண்டிருந்தது. வேலையை நிறுத்திவிட்டு இளைப்பாறவில்லை. வேலைக்குள்ளேயே ஒரு நிமிஷம் ஒரே இடத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

உங்களுக்கும் அடுப்படியில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. அதிரசத்தை எண்ணெயிலிருந்து எடுத்து இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்துவோமே, அப்போது விளிம்பிலிருந்து எண்ணெய் சொட்டும். அது நிற்கும்வரை அடுத்ததைப் போடாதீர்கள். சொட்டை மட்டும் பாருங்கள். முப்பது அதிரசம் என்றால் முப்பது தடவை.

கேள்வி: எனக்கு 23 வயது. சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். தீபாவளி மாதம் காலை 9 மணிக்கு நின்றால் ராத்திரி 10, 11 ஆகும். கூட்டம் இல்லாத நேரத்திலும் உட்கார விடமாட்டார்கள். சாப்பாட்டுக்குப் போகும்போது மட்டும்தான் உட்காருவது. போன ஞாயிறு ஓர் அம்மா நாற்பது சேலை பிரித்துப் பார்த்துவிட்டு எதுவும் எடுக்காமல் போனார்கள். சிரித்துக்கொண்டேதான் மடித்தேன். அப்புறம் பாத்ரூமில் போய் அழுதேன். எல்லாரும் "டென்ஷன் ஆகாதே, கூலா இரு" என்கிறார்கள். எப்படி அக்கா?
– பெயர் வேண்டாம்

பதில்: கண்ணு, கூலாக இருக்கச் சொல்கிறவர்களிடம் முதலில் ஒரு ஸ்டூல் கேள்.

இது நான் ஆறுதலுக்குச் சொல்வதில்லை. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ஆம் வருஷம் ஒரு திருத்தம் வந்தது. கடையில் வேலை செய்கிற எல்லாருக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள முடிய வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது. 22-அ என்று அந்தப் பிரிவுக்குப் பெயர். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. அங்கே அதற்காகப் போராடியவர்கள் உன்னைப்போல ஜவுளிக்கடையில் நின்ற பெண்கள்தான்.

சட்டம் இருக்கிறது, ஆனால் சூப்பர்வைசர் முறைப்பார், எனக்கும் தெரியும். தனியாகப் போய்க் கேட்காதே. உன் பிரிவில் இருக்கிற நாலைந்து பேர் சேர்ந்து கேளுங்கள். கூட்டம் இல்லாத மதியம் 2 மணிக்குக் கேளுங்கள், ஞாயிறு சாயங்காலம் வேண்டாம். "ரெண்டு பேருக்கு ஒரு ஸ்டூல், ஆள் வந்தா எழுந்துக்கறோம்" என்று கேட்டால் மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும். மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. பண்டிகை முடிந்த பிறகு போனாலும் பரவாயில்லை. வேலை போய்விடும் என்று பயந்தால், உன் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்குள் உடம்பையாவது காப்பாற்றிக்கொள்.

நானும் நின்ற காலோடு வாழ்ந்தவள். கால் நரம்பு முடிச்சோடுதான் ஓய்வு பெற்றேன். நிற்கும்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு, இருபது தடவை. கெண்டைக்கால் சதை அசைந்தால்தான் கீழே தேங்குகிற ரத்தம் மேலே ஏறும். கவுண்டருக்குப் பின்னால் செய்தால் யாருக்கும் தெரியாது. ராத்திரி அறைக்குப் போனதும் சுவரில் காலைத் தூக்கி வைத்துக் கால் மணி நேரம் படு. தண்ணீரைக் குறைக்காதே. பாத்ரூம் போக விடமாட்டார்கள் என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்போடும் காய்ச்சலோடும் ஓ.பி.க்கு வந்த கடைப் பிள்ளைகளை ஒவ்வொரு ஐப்பசியிலும் பார்த்திருக்கிறேன்.

அந்த நாற்பது சேலை. மடிக்கிற நேரம் உன்னுடைய நேரம், கண்ணு. வாங்க வந்தவர்கள் போய்விட்டார்கள், அடுத்தவர் இன்னும் வரவில்லை. முந்தானையைப் பிடித்து மடிப்பு ஓரத்தை ஓரத்தோடு சேர்க்கிற அந்த நாலு விநாடியில் உன்னிடம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டே மடி. இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும், உடம்பு அப்படித்தான் அமைந்திருக்கிறது. அழுகை வந்தால் அழுதுவிடு. அன்றைக்கு நீ அழுதது பலவீனம் இல்லை. பதிமூன்று மணி நேரம் நின்ற உடம்பு பேசியது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் கடைக்குப் போவீர்கள். எந்த நிறம், எவ்வளவு விலைக்குள் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். பார்த்து வேண்டாம் என்ற சேலையைக் குவியலாகத் தள்ளாமல் ஒரு பக்கம் மடித்துக் கொடுங்கள். "உட்காரும்மா, நாங்க பார்த்துட்டுச் சொல்றோம்" என்று நீங்கள் சத்தமாகச் சொன்னால் சூப்பர்வைசருக்கும் கேட்கும்.

கேள்வி: சென்னையில் மென்பொருள் வேலை, ஊர் தென்காசிப் பக்கம். எங்கள் கம்பெனியில் மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு வைத்தார்கள். ஓர் உலர் திராட்சையைக் கொடுத்து ஐந்து நிமிஷம் மென்று சாப்பிடச் சொன்னார்கள். அன்று ராத்திரியே 2 மணி வரை வேலை. தீபாவளிக்கு ஊருக்குப் போய் இறங்கும்போதே எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன். இரண்டு நாள்தான் இருக்கிறேன், அந்த இரண்டு நாளும் அம்மா என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறார்கள். திராட்சை எனக்கு வேலை செய்யவில்லை.
– ஒரு வாசகர், சென்னை

பதில்: தம்பி, திராட்சை மேல் தப்பு இல்லை. அது நல்ல பயிற்சி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1979-இல் ஜான் கபாட்-ஜின் என்பவர் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியில் வருவது அது. தீராத வலியோடு இருந்த நோயாளிகளுக்காகத்தான் தொடங்கினார், வேர் புத்த தியானம். எட்டு வாரம் நோயாளிகள் வீட்டிலும் உட்கார்ந்து பழகினார்கள். உங்களுக்குத் திராட்சை மட்டும் கிடைத்தது, நேரம் கிடைக்கவில்லை. அதே ராத்திரி 2 மணி வரை வேலை வாங்குகிற இடத்தில் அந்த வகுப்பு பாதி மருந்துதான்.

மைண்ட்ஃபுல்னெஸ் என்பதற்கு என்ன தமிழ் என்று பலர் கேட்கிறார்கள். உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். சின்ன வயசில் பால் டம்ளரைத் தட்டிவிட்டபோது என்ன சொன்னார்கள்? "நெனப்பு எங்கடா இருக்கு உனக்கு?" என்று கேட்டிருப்பார்கள். அதுதான். கை செய்கிற இடத்தில் நினைப்பும் இருப்பது.

இப்போது பயணம். உங்கள் எரிச்சலில் பாதி தூக்கம் கெட்டது, மீதி டிக்கெட். இந்த வருஷம் என்ன ஆனாலும் சரி, அடுத்த பண்டிகைக்காவது நாள்காட்டியில் குறித்து வையுங்கள். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, முன்பு 120 நாள் இருந்தது. காலை 8 மணி. பொங்கலுக்குப் போக நவம்பர் நடுவிலேயே உட்கார வேண்டும். பொதிகை எக்ஸ்பிரஸில் படுத்துக்கொண்டு போகிறவனும் பஸ்ஸில் கடைசி சீட்டில் குலுங்கிக்கொண்டு போகிறவனும் தென்காசியில் ஒரே மனுஷனாக இறங்க மாட்டார்கள். கிடைக்கவில்லையென்றால் முந்தின நாள் தட்கல், ஏசி 10 மணி, மற்றவை 11 மணி. பஸ் என்றால் கிளாம்பாக்கம் போய்ச் சேரவே பண்டிகை நேரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வேலை முடிந்த கையோடு ஓடாதீர்கள். ஒரு நாள் விடுப்பைக் கூடப் போட்டு, கூட்டத்துக்கு முந்தின ராத்திரி கிளம்ப முடிந்தால் அதைவிட நல்லது.

அதைவிட முக்கியமாக ஒன்று. நைட் டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால் நானும் அப்படித்தான் இருப்பேன். மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள், எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஒரு நாள் அவளைத் தள்ளிவிட்டேன். அன்றைக்கு என் கணவர் ஓர் ஏற்பாடு செய்தார். நான் வரும் நேரத்துக்குக் கொல்லைப்பக்கத் திண்ணையில் ஒரு வாளி வெந்நீரும் ஒரு டம்ளர் காபியும் இருக்கும். பின்வாசல் வழியாக வந்து, குளித்து, குடித்து, அதன் பிறகுதான் முன்கட்டுக்கு வருவேன். அதுவரை யாரும் என்னோடு பேசக் கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இருபது நிமிஷம். அத்தனை வருஷமும் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது அந்த வாளிதான்.

நீங்களும் கிளம்புவதற்கு முன்னால் அம்மாவிடம் போனில் சொல்லிவிடுங்கள்: "வந்ததும் குளிச்சிட்டு ரெண்டு மணி நேரம் தூங்குவேன்மா, அதுக்கப்புறம் உட்கார்ந்து பேசலாம்." அம்மா பாயை விரித்து வைத்திருப்பார்கள். காரணம் தெரியாதபோதுதான் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறார்கள். எழுந்த பிறகு போனை அலமாரியில் வைத்துவிட்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரியுங்கள்.

கேள்வி: எங்கள் நான்கு வயதுப் பெண்ணுக்குப் பட்டாசுச் சத்தம் என்றால் உயிர் போகிற பயம். என் தம்பிகள் "பயத்தைத் தெளிய வைக்கணும்" என்று பக்கத்தில் கொண்டுபோய் வெடிக்கிறார்கள். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: குழந்தை சொல்வது சரி. பயத்தைப் பயமுறுத்தித் தெளிய வைக்க முடியாது. தம்பிகளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவள் அம்மாவை விட்டுச் சொல்லச் சொல்லாதீர்கள்.

உச்ச நீதிமன்றத்தின் 2018 உத்தரவுக்குப் பிறகு நம் மாநிலத்தில் வெடிக்கும் நேரம் காலை 6 முதல் 7, சாயங்காலம் 7 முதல் 8 என்று வைத்திருக்கிறார்கள். தெருவில் எல்லாரும் அதைக் கடைப்பிடிக்க மாட்டார்கள்தான், ஆனாலும் உச்சம் அந்த நேரம். அந்த இரண்டு மணி நேரத்துக்கு வீட்டின் உள் அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியை ஓடவிட்டு, அவளோடு ஒருவர் இருங்கள். "இப்ப ஒண்ணு வெடிக்கும்" என்று சேர்ந்து எண்ணலாம். எதிர்பார்த்து வரும் சத்தம் பாதி பயம்தான் தரும்.

பட்டாசுப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். வார்டில் நான் பார்த்த கைக்காயங்களில் பல, புஸ்வாணம் பற்றவில்லையே என்று குனிந்து பார்த்ததில் வந்தவை. பற்றாததை விட்டுவிடுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள், கிட்டப் போகாதீர்கள். சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீருக்கு அடியில் காட்டுங்கள், 20 நிமிஷம், கடிகாரம் பார்த்து. ஐஸ் வேண்டாம். பற்பசை, பேனா மை, தோசை மாவு எதுவும் வேண்டாம். அதைச் சுரண்டி எடுக்கும்போது குழந்தைகள் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. ஒட்டிய துணியை இழுக்காமல் சுத்தமான வேட்டித் துணியைத் தளர்வாகப் போர்த்தி ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். அந்த 20 நிமிஷம் பதறாமல் நிற்பதுதான் கஷ்டம். யாராவது ஒருவர் எண்ணிக்கொண்டே நில்லுங்கள்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பதினாறு பேர். என் அறை, என் கட்டில், என் மேசை எதுவும் எனக்கு இருக்காது. சத்தத்தில் தலை வலிக்கிறது. வெளியே சொன்னால் "திமிர்" என்கிறார்கள்.
– ஒரு மாணவி, நாகர்கோவில்

பதில்: திமிர் இல்லை அம்மா. சிலருக்குக் கூட்டம் சாப்பாடு மாதிரி, சிலருக்கு உப்பு மாதிரி, அளவு வேண்டும். சாயங்காலம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போகிற வேலையை நீ கேட்டு வாங்கிக்கொள். பதினாறு பேர் துணி, அரை மணி நேரம் ஆகும். யாரும் கூட வர மாட்டார்கள்.

கேள்வி: வயது 67. ஆவணியில் என் மனைவி காலமானார். 39 வருஷ வாழ்க்கை. இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லை. மகன்கள் வெளியூருக்கு அழைக்கிறார்கள், இந்த வீட்டை விட்டுப் போக மனம் வரவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் விடியற்காலை என் தலையில் எண்ணெய் வைப்பது அவள்தான். அன்று காலை நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடும். என்ன செய்வது என்று தெரியவில்லை.
– ஒரு வாசகர், கரூர்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்திருந்தேன்.

துக்க வருஷத்தில் பண்டிகை இல்லை என்று நம்மவர்கள் வைத்ததை இப்போது சிலர் பழைய காலத்து வழக்கம் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அது பெரிய கருணையாகத் தெரிகிறது. ஒரு வருஷத்துக்கு நீங்கள் யாருக்காகவும் சிரிக்க வேண்டாம், புதுத்துணி கட்ட வேண்டாம், வருகிறவர்களை உபசரிக்க வேண்டாம் என்று ஊரே கொடுக்கிற அனுமதி அது. அதை முழுக்க எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நாலு மணி. அதைத் திட்டம் போடாமல் விடாதீர்கள். தெருவே எழுந்து விளக்குப் போடும், வெடிச் சத்தம் வரும், உங்கள் வீடு மட்டும் இருட்டாக இருக்கும். முந்தின நாள் ராத்திரியே ஒரு மகனை வரச் சொல்லுங்கள். நீங்கள் அங்கே போக வேண்டாம், அவர் இங்கே வரட்டும். பண்டிகைக்கு இல்லை, அப்பாவோடு ஒரு ராத்திரி தங்க. நீங்கள் கேட்பதற்காகத்தான் அவர்களும் காத்திருக்கலாம். விழிப்பு வந்ததும் இரண்டு பேரும் அடுப்படி விளக்கைப் போட்டுக் காபி கலக்குங்கள். பேச்சு வந்தால் அம்மாவைப் பற்றிப் பேசுங்கள். எண்ணெய்க் கிண்ணத்தைத் தொட வேண்டாம் என்று தோன்றினால் தொட வேண்டாம். மகன் வைக்கிறேன் என்று கேட்டால், உங்களுக்கும் சரி என்று பட்டால், தலையைக் குனியுங்கள். ஒரு பிள்ளைக்கு அது பெரிய பாக்கியம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இனி இருந்து என்ன என்ற நினைப்பு வருகிறது என்றால் அதைத் துக்கம் என்று மட்டும் எண்ணித் தாங்கிக்கொண்டு இருக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவை இருக்கிறது. 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. விடியற்காலை நாலு மணிக்கும் எடுப்பார்கள்.

கேள்வி: எங்களுக்கெல்லாம் சொல்கிறீர்கள். உங்கள் வீட்டுத் தீபாவளி எப்படி இருக்கும்?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: வேலையில் இருந்த வரை பல தீபாவளி விடிந்ததே வார்டில்தான். ஓய்வு பெற்ற பிறகுதான் முழுசாக ஒன்று கிடைத்தது. இப்போது இரண்டு பலகாரம்தான், முறுக்கும் லேகியமும். மற்றது மகள் வாங்கி வருவாள்.

மூன்றரைக்கு எழுந்துவிடுவேன். இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய் விட்டு, நாலு மிளகு, ஒரு சிட்டிகை ஓமம், கிள்ளின வெற்றிலை போட்டுச் சின்னத் தணலில் வைப்பேன். பெரிய தணலில் வைத்தால் ஓமம் கருகிவிடும். முதலில் ஒன்றும் நடக்காது. வெற்றிலை ஓரம் மெதுவாகச் சுருளும், ஓமத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் குமிழ் வரும், அப்புறம் ஒரு மிளகு 'டப்' என்று சத்தம் போடும். அடுப்பை அணைத்துவிடுவேன். புறங்கையில் ஒரு சொட்டு விட்டால் இதமாக இருக்கும்வரை ஆற வேண்டும். பேத்தியை அதற்கு முன்னால் எழுப்பினால் எண்ணெய் சூடு, எழுப்பத் தாமதித்தால் தெருவில் வெடி ஆரம்பித்துவிடும். நடுவில் ஒரு பத்து நிமிஷம் இருக்கிறது. அடுப்படியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன்.

அப்புறம் அவள் கண்ணைத் திறக்காமலே வந்து மணையில் உட்காருவாள். தலை ஒரு பக்கம் சாயும், நிமிர்த்திவிடுவேன். கிண்ணத்தில் விரலை நனைத்து உச்சியில் வைப்பேன். ஒன்று. இரண்டு. மூன்று.